மேட்டு மருத்துவமனை நிலையம்

மார்ச் 3, செவ்வாய்

மதியம் சோறு இறங்கவில்லை. பொதுச் சைக்கிள் திட்டத்துக்குத் தலைவர் யார் என்று இன்று அறிவித்துவிட்டார்கள். நான் இல்லை. சிட்டு.

மாநகராட்சிப் போக்குவரத்துப் பிரிவுக்கு அவள் வந்து மூன்று வருடம். நான் பதினேழு. எவர் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார் என்று இரண்டு வருடம் பேருந்து நிறுத்தங்களில் கால் கடுக்க நின்று எண்ணியவன் நான். அவள் ஆணையரிடம் பத்து நிமிடம் படம் போட்டுக் காட்டினாள். அவர் கை தட்டினாராம். நான் பேசியபோது கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போய் வாழ்த்தினார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

"உங்க கணக்கெடுப்பு இல்லன்னா இந்தத் திட்டமே இல்லண்ணா" என்றாள் சிட்டு, எல்லோர் முன்னாலும். பெருந்தன்மைப் பட்டமும் அவளுக்கே போகட்டும்.

மார்ச் 11, புதன்

அவளுடைய வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். முப்பது நிலையங்கள், ஒவ்வொன்றிலும் இருபது சைக்கிள் பூட்ட இடம். ஒன்றில் எடுத்து, போகிற இடத்து நிலையத்தில் பூட்டிவிட்டுப் போகலாம். அழகாகத்தான் போட்டிருக்கிறாள். அதுதான் எரிகிறது.

எல்லோரும் டீ குடிக்கப் போனதும் தனியாக நின்று குறை தேடினேன். கிடைத்தது! காகிதத்தில் மேடும் பள்ளமும் ஒன்றுதானே. மேட்டு மருத்துவமனையிலிருந்து ரயிலடிக்கு எல்லோரும் சைக்கிளில் இறங்குவார்கள். மிதிக்கக்கூட வேண்டாம், உட்கார்ந்தால் போதும். திரும்பி மேலே எவன் மிதிப்பான்? பஸ்ஸில் ஏறிவிடுவான். மேலே சைக்கிள் இருக்காது, கீழே பூட்ட இடம் இருக்காது. தினமும் லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோனால்தான் உண்டு. லாரி அவள் திட்டத்திலேயே இல்லை.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

ஆணையரை வைத்துச் சோதனை ஓட்டம் விடப்போகிறார்கள். சிட்டு என் மேசைக்கே வந்தாள். "எங்கேருந்து ஆரம்பிக்கலாம்ணா? உங்களுக்குத்தான் ஊர் அத்துப்படி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "மேட்டு ஆஸ்பத்திரிலேருந்து ஆரம்பிம்மா. மேலேருந்து பாத்தா ஊரே தெரியும், ஆணையருக்குப் பிடிக்கும்" என்றேன். என் வாய்தானா அது? குரல்கூட நடுங்கவில்லை.

"இது எனக்குத் தோணவே இல்லையே!" என்று சந்தோஷமாகப் போனாள்.

மார்ச் 27, வெள்ளி

எங்களை வேனில் மேலே கொண்டுபோய் விட்டார்கள். எல்லோரும் காற்று வாங்கிக்கொண்டே இறங்கினோம். ஆணையர் வழிநெடுக மணியடித்தார். கீழே வந்ததும், "ஒரு துளி வேர்க்கலையே! பிரமாதம்மா" என்று அவளைப் பாராட்டினார். வேர்த்தது எனக்கு மட்டும்தான்.

ஏப்ரல் 6, திங்கள்

திறப்பு விழா. மாலைப் பத்திரிகையில் சிட்டுவின் படம், அரைப் பக்கத்துக்கு. "பொண்ணு களையா இருக்கால்ல?" என்று மனைவி கேட்டாள். பத்திரிகையை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 15, புதன்

மனைவி மேட்டு மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து ரயிலடிக்குச் சைக்கிளில் இறங்கியிருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வந்தாள்.

"இருபது பேர் சைக்கிளப் புடிச்சுக்கிட்டு நிக்கிறோம். பூட்டவும் எடமில்ல, விட்டுட்டுப் போகவும் முடியல. கண்ணு முன்னால ரயில் போகுது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயோ, எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஓடிப்போய் வெந்நீர் வைத்தேன்.

"என்னங்க, இந்த மேட்டுல எவனும் மிதிக்க மாட்டான்னு நீங்க அப்பவே சொன்னீங்களே. ஆபீஸ்ல சொல்லலியா?"

எப்போதோ அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கிறேன். "சிட்டுகிட்ட சொன்னேன். அவதான் காதுல வாங்கல" என்றேன்.

பதினேழு வருடத்தில் அலுவலக விஷயமாக இவளிடம் பொய் சொன்னதில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

கூட்டம். மேலே காலி, கீழே அடிதடி, பத்திரிகையில் தினமும் கேலி. "மேடுன்னு ஒண்ணு இருக்கறது இங்க ஒருத்தருக்கும் தெரியலையா?" என்று ஆணையர் மேசையைத் தட்டினார். சிட்டு என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். எல்லாம் புரிந்த பார்வை. போச்சு, மானம் கப்பலேறப் போகிறது என்று நினைத்தேன்.

"என் தப்பு சார்" என்றாள். அதோடு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் என்னைத் தலைவராக்கி உத்தரவு வந்தது.

மே 4, திங்கள்

தலைவர் அறையில் இரண்டாவது வாரம். லாரிக்கு அனுமதி வாங்கிவிட்டேன். அந்த வேலையைச் சிட்டு தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஓட்டுநரோடு சேர்ந்து அவளே சைக்கிள்களைத் தூக்கி வைக்கிறாள்.

மனைவி இன்று செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"உங்க சிட்டுவ மேலே பாத்தேன். சும்மா விடல. ‘எங்க வீட்டுக்காரர் அன்னிக்கே சொன்னாராமே, ஏம்மா காதுல வாங்கல’ன்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னா?"

"தூக்கின சைக்கிளக் கீழ வச்சிட்டு என்னப் பாத்தா. அப்புறம், ‘ஆமாக்கா, அண்ணா சொன்னாரு, நான்தான் கேக்கல’ன்னா. நல்ல பொண்ணுங்க. தப்ப ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும்ல?"

"வேணும்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதவி என்னிடம், அறை என்னிடம், இன்னும் சிட்டுவைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. நாளைக் காலை கையெழுத்து வாங்க வருவாள். அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.