இடம் மாறிய நாற்காலி

அன்புள்ள மகளே,

நான் தனியாக இருக்கிறேன் என்று, சிகாகோவில் உன் வீட்டுக்கு அருகே முதியோர் இல்லத்தில் எனக்கு அறை பார்த்திருக்கிறாய். நான் பதில் சொல்லுமுன் இதைக் கேள்.

ஜூலை நான்கு சுதந்திர தின ஊர்வலத்தைப் பார்க்க இடம் பிடிப்பதற்காக, வழக்கம்போல முந்தின மாலையே மெயின் தெருவோரம் என் நாற்காலியைப் போட்டுவிட்டு வந்தேன். இந்த ஊரில் பிறர் நாற்காலியை யாரும் தொடமாட்டார்கள். காலையில் போனால் அது மேப்பிள் மரத்தடிக்குப் போயிருந்தது!

பக்கத்து வீட்டு டுவேனைப் பிடித்தேன். "அடுத்தவங்க பொருளைத் தொடக்கூடாதுங்கிறதுதான் கான்வென்ட்ல எங்களுக்கு முதல் பாடம், தெரியுமா?"

"நான்தாங்க நகர்த்தினேன், மிஸஸ் ஹாலரன். போன வருஷம் வெயில்ல மயங்கி என் மேலேயே விழுந்தீங்களே! நீங்க மறந்திருக்கலாம், என் இடுப்பு இன்னும் மறக்கல."

தெருவே சிரித்தது. "திட்டுறதா இருந்தா நிழல்ல உக்காந்து திட்டுங்க," என்று எலுமிச்சைச் சாற்றை நீட்டினாள் அவன் மனைவி லோரீன்.

உட்கார்ந்தேன். திட்டவும் செய்தேன்.

அந்த மயக்கத்தைப் பற்றி உனக்கு எழுதவில்லை. எழுதும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. என்னைக் கவனிக்க ஆளில்லை என்கிறாய். கவனிக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கிற ஆள்தான் இங்கே இல்லை. அந்த அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

மாறாத அன்புடன்,
உன் அம்மா