இடித்த கோயிலின் எதிரொலி

ஆவணி 5, வியாழன்.

இடித்துப்போட்ட எங்கள் பழைய மாதா கோயிலின் எதிரொலி இன்று என் மைக்செட் கடைக்குள் கேட்டது.

இடிக்கும் முன்பே அதைப் பதிந்து வைத்திருந்தாள் ஜெனிஷா. கடைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருகிற பெண். மைக்கில் வரும் எந்தக் குரலுக்கும் அந்த எதிரொலியைச் சேர்க்கிற புரோகிராமும் எழுதினாள். கம்ப்யூட்டரில் ஓட்டியபோது எதிரொலி பிந்தி வந்து பாடகர் குழுவுக்குத் தாளம் தப்பியது. அதே புரோகிராமை இப்போது ஒலி வேலைக்கென்றே உள்ள சிப்பில் ஏற்றி, ஒரு சின்னப் பெட்டியாகக் கொண்டு வந்தாள்.

"ஏதாவது சொல்லுங்க அண்ணாச்சி."

வழக்கம்போல் "ஹலோ, செக்" என்றேன். சொன்ன வாய் மூடுமுன் குரல் அந்த உயரக் கூரைக்குப் போய்த் திரும்பியது. மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கூரைக்குக் கீழே நான் கடைசியாகக் கத்தியது, என் மனைவி ஸ்டெல்லாவின் சவப்பெட்டியை மூடியபோது. அவள் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன். இன்றும் அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. கூப்பிட்டால், திரும்பி வருவது என் குரலாக இல்லாமல் போய்விட்டால்?

சாயங்காலம் பாடகர் குழுத் தலைவர் சேவியர் பெட்டியை விலைக்குக் கேட்டு வந்தார். தரலாம், அடக்கப் பூசைக்கு மட்டும் போடக்கூடாது என்றேன். ஊரில் எல்லா அடக்கத்துக்கும் மைக் கட்டுகிறவன் நான்தான். ஒவ்வொரு வீட்டு அழுகையும் அந்தக் கூரையில் போய்த் திரும்புவதை நின்று கேட்க என்னால் ஆகாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"அதென்னவே நியாயம்? உம்ம அடக்கத்துக்கும் போடாண்டாமா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் பேசி முடித்தது இது: அடக்க விலை, லாபம் வேண்டாம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போடலாம். அடக்கத்துக்குக் கூடாது, என்னுடையதைத் தவிர.