மேல் கோட்டில் பீரோ சாவி

கிறிஸ்டினா அப்பாவுக்கு,

நைட் ஷிப்ட் முடிந்து பசியோடு வருவீர்கள். இட்லி குண்டானில் இருக்கிறது. வடகறி நேற்றுடையது, சுட வைத்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்து வீட்டு ரமீஸாவோடு ஸ்டேஷன் வரை நடக்கப் போகிறேன்.

எட்டு மணி ரயிலில் உங்கள் அக்கா வருகிறார்கள், என் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துப்போக. "ஒரு பக்க மாரையே எடுத்துட்டாங்க, கையும் தூக்க முடியல, இவளுக்கு இன்னாத்துக்குடா பட்டு?" என்று கேட்டார்களே, நீங்களும் சோற்றைப் பிசைந்துகொண்டே "எடுத்துக்கினு போக்கா" என்றீர்கள். சமையல்கட்டில் எனக்கு நன்றாகவே கேட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரம்மா சொன்னபடி, கை மறுபடி மேலே எழும்ப, தினமும் சுவரில் விரல்களை ஏற்றி, கை எட்டிய இடத்தில் கோடு போட்டு வந்தேன். அக்கா கண்ணில் படக்கூடாதென்று அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டீர்கள். இப்போது ஹாலில் போட்டிருக்கிறேன், கரியால். உங்கள் கம்பெனி போட்டோவுக்கு மேலே இருப்பது இன்றைய கோடு. அதில் ஆணி அடித்து பீரோ சாவியை மாட்டியிருக்கிறேன். அந்தக் கையாலேயே அடித்தேன்.

அக்கா குள்ளம். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஸ்டூல் போட்டு எட்டி எட்டி எடுக்கட்டும், கைக்கு நல்லது.

ஸ்டெல்லா

பாலை மூடி வையுங்கள், பூனை வருகிறது.

இன்னொன்று, பீரோவில் பட்டு இல்லை. கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன், பஜார் வழியாக. ஜாக்கெட் ஒரு பக்கம் தொளதொளவென்று இருக்கிறது, இருக்கட்டும். அக்கா ஸ்டூல்மேல் நிற்கிற நேரத்துக்கு வந்துவிடுவேன்.