பலகையில் இல்லாத போஸ்ட் மாஸ்டர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

எங்கள் ஊர்த் தபால் நிலையம் நாளை மறுநாள் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அங்கே மாட்டுவதற்காக, இதுவரை இருந்த போஸ்ட் மாஸ்டர்களின் பெயர்களைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். இன்று போய்ப் பார்த்தேன். மூன்றாவது பெயர் சூசைராஜ். என் கணவர்.

போஸ்ட் மாஸ்டராக இருந்தவள் நான். இருபத்தாறு வருடம். கிராமத்தில் தபால் நிலையம் போஸ்ட் மாஸ்டர் வீட்டிலேயே நடக்கும். எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. வாசலில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கிறது. இப்போதைய போஸ்ட் மாஸ்டர் அதைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டாராம்.

“அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஸ்டாம்ப் ஒட்டக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்” என்று அந்தப் போஸ்ட் மாஸ்டரிடம் சொன்னேன்.

“நல்லம்பள்ளிக் கடையில பலகைய எழுதி வாங்கியாச்சுங்கம்மா. விழாவுல உங்களுக்குச் சால்வை போடறோமுங்க, சார் சம்சாரம்னு.”

பக்கத்தில் நின்ற காளியம்மா சிரித்தாள். “யாரு பேரு இருந்தா என்னங்க வாத்தியாரம்மா, ஒரே வூடு தானுங்களே?”

“உன் மகன் லெட்டரையெல்லாம் உனக்கு வீடா படிச்சுக் காட்டுச்சு?”



என் கணவர் உயிரோடு இருந்திருந்தால், அந்தப் பலகையிலிருந்து தன் பெயரைத் தானே சுரண்டி எடுத்திருப்பார்.

மேடைக்குப் போக மாட்டேன். மேலதிகாரிக்குப் புகார் எழுதி முடித்துவிட்டேன். காலையில் என் நியமன உத்தரவை ஜெராக்ஸ் எடுத்து அதோடு வைத்து, பதிவுத் தபாலுக்கு அந்த ஆளிடமே நீட்டுவேன். உறையில் அனுப்புநர்: ரெஜினா, முன்னாள் போஸ்ட் மாஸ்டர். பெரிய எழுத்தில். அதன் மேல் அவரே முத்திரை குத்தட்டும்.