இருமாத எஞ்சின்

ஏறாவூர், 12.7.1938

புள்ளட உம்மாவுக்கு ஸலாம்.

என்ட கூடப்பொறந்த ராத்தாட வீட்டுல இருந்து எழுதுறன். அண்டைக்கு நான் சொன்னத... சரி, எஞ்சினப் பத்திச் சொல்றன்.

சண்டை பிடிச்சு உன்ட வீட்டுல இருந்து இறங்கின கோவத்துல, எஞ்சினக் குளிராக்குற தண்ணிக் குழாயத் திறக்காம என்ட மோட்டர் போட்ட ஓட்டிட்டன். நடு ஆத்துல எஞ்சின் சூடாகி வெடிச்சுப் போச்சு. டவுன் மெக்கானிக் பேர்டி ஒரு பழைய லொறிட எஞ்சினக் கழட்டிப் பூட்டித் தந்தார்.

முந்தினது இருமி இருமித்தான் வரும். அந்த இருமல் கேட்டதும் நீ தேத்தண்ணிக்குக் கேத்தல அடுப்புல வெச்சிட்டுத் துறையடிக்கு வருவாய். இது ஒரே சீரா உறுமுது. ஆருட போட் எண்டு எனக்கே விளங்குதில்ல.

மூணு நாளா உன்ட துறை வரைக்கும் வந்து திரும்பிப் போறன். சத்தம் தெரியாமத்தான் நீ வரல்லையா? இல்ல, நான்தான் எண்டு தெரிஞ்சுதான் வரல்லையா? நேத்துக் குசினியில புகை கண்டன். அது கேத்தலா, சோறா? ஒண்டும் விளங்குதில்ல. வீடு உன்ட சீதனம். நீ கூப்பிடாம நான் எப்பிடி ஏறுற?

வெடிச்ச அந்தப் பழைய எஞ்சினையே திருப்பிப் பூட்டச் சொன்னன். பேர்டி சிரிக்கிறார்.

நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுதிட்டு வாறன். துறைக்குக் கிட்ட வந்ததும் எஞ்சின நிப்பாட்டிட்டு நானே இருமுவன்.

புள்ளட வாப்பா