சின்னவள் கொடுத்த ரிமோட்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா சுகம். மாத்திரை, குளியல் எல்லாம் நேரத்துக்கு நடக்கின்றன. யார் நடத்துகிறார்கள் என்று நீ கேட்கப்போவதில்லை.

டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட்டை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து வீட்டில் உன் புராணம்தான். வருகிறவர்களிடமெல்லாம், "என் சின்னப் பொண்ணு செஞ்சு குடுத்தது" என்று காட்டுகிறாள். எட்டு வருஷமாக அவளுக்குத் தலை வாரிவிடுகிறவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தூங்கும்போது, நீ ரிமோட்டில் பதிந்ததையெல்லாம் அழித்துவிட்டேன்.

எழுந்து வந்தவள் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கோபப்படவில்லை. "அவ திரும்பி வர ஆறு மாசம் ஆகுமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

மறுநாள் மதியம் அவள் உள்ளறையில் கண்ணயர்ந்ததும், விளக்கப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு எரியும்வரை பட்டனை அழுத்திப் பிடித்து, அதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் கொடுத்திருந்த நான்கு இலக்க எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தோராவது எண்ணுக்குத்தான் டிவி மசிந்தது. மற்ற இரண்டும் முடிய சாயங்காலமாகிவிட்டது.

அம்மா வந்து அழுத்தினாள். படமும் பாட்டும் வந்தன.

"பாத்தியாடி! சின்னவ செஞ்சது கெட்டுப்போகுமா? தானா சரியாயிடுச்சு!"

"ஆமாம்மா" என்றேன்.

போனில் உன்னிடமும் பெருமையாகச் சொல்வாள். நீயும் ஆமாம் என்றே சொல்லிவிடு.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சல் இன்னும் தீராத
உன் அக்கா