பெயின்ட் காயாத கதவு

மார்ச் 3, திங்கள்

நான் கைகழுவப் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கூட்டம் போட்டு என்னைத் தீ பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். திரும்பி வந்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். முதலாளி என் தலையில் ஒரு சிவப்புத் தொப்பியை வைத்தார். அடுத்த திங்கட்கிழமை தீயணைப்புத் துறை ஆய்வாம். தேறாவிட்டால் கம்பெனிக்கு சீல்.

தலையணை தைக்கிறவளுக்குத் தீயைப் பற்றி என்ன தெரியும்? அடுப்பு பற்றவைக்கத் தெரியும். சுற்றிலும் பஞ்சு, துணி, நுரை மெத்தை. எந்த தைரியத்தில் இத்தனை வருஷம் இதற்குள் உட்கார்ந்து தைத்தேனோ!

மார்ச் 4

தீயணைப்பான்களைக் காணோம். தேடித் தேடி அலுத்து, கடைசியில் முதலாளி பீரோவுக்குள் கிடைத்தன. பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. "வெளிய வச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவாம்மா" என்றார். தீப்பிடித்தால்? "என்கிட்ட வந்து சாவி கேளு." நீங்கள் ஊரில் இல்லாவிட்டால்? "போன் பண்ணு."

மணல் வாளி ஒன்றில் வெட்டிப்போட்ட நூல். இன்னொன்றில் முதலாளியின் குடை.

மார்ச் 6, வியாழன்

ஒத்திகை. மணி அடித்தேன். எங்களிடம் இருப்பது ஒரே மணி, அது சாப்பாட்டு மணி. எல்லோரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கைகழுவப் போய்விட்டார்கள்.

"தீப்பிடிச்சிருச்சுடி!" என்று கத்தினேன்.

"சாப்பிட்டு வந்துடறோம்க்கா" என்றாள் பட்டன் தைக்கிறவள்.

சாப்பாடு முடிந்து மறுபடி ஒத்திகை. முன்வாசல் வழியாக இடித்துத் தள்ளிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள், சிரித்தார்கள், திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் என் தங்கை கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு கால் சரியில்லை. "இப்ப நான் வெளிய போகணுமா, உள்ள வரணுமாக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவள் மெஷின் கடைசி வரிசையில். பக்கத்திலேயே பின்கதவு இருந்ததால்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். போன வருஷம் தலையணைகள் அந்த வழியாகக் காணாமல் போகின்றன என்று முதலாளி அங்கே செங்கல் வைத்துப் பூசிவிட்டார். முன்பக்கம் பூராவும் வெட்டுகிற மேஜைகள், மெஷின் போட இடமே இல்லை. நிஜமாகவே பிடித்தால்? இவ எப்படி வெளிய வருவா?

மார்ச் 7

முதலாளியிடம் கேட்டேவிட்டேன்.

"சுவத்த இடிக்கறதா? தலையணை காணாமப் போனா நீ பொறுப்பா?"

ஆளே போயிட்டா யாரு சார் பொறுப்பு? — வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன்.

"கட்டட வரைபடத்துல அங்க கதவு இருக்கு. அவங்களுக்கு ஒரு கதவு வேணும், அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன்."

மார்ச் 8, சனி

பார்த்துக்கொண்டார், நன்றாகவே பார்த்துக்கொண்டார். போர்டு எழுதுகிற பெயின்டரை வரவழைத்து, சுவரில் ஒரு கதவை வரையச் சொல்லிவிட்டார்!

பெயின்டர் அண்ணன் விளையாட்டாகச் செய்கிற ஆள் இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கேட்டு, கைப்பிடிக்கு நிழல் வைத்தார். கீல், திருகாணி, கீழே ஒரு கீறல்கூட. பச்சை நிறம். சாயங்காலம் டெலிவரிக்காரர் மூட்டையோடு நேராகப் போய் மண்டையை இடித்துக்கொண்டார். முதலாளிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

யார் கேட்டாலும், கதவு நன்றாகத் திறக்கும், சாவி லீவில் போயிருக்கிற வாட்ச்மேனிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். எங்களுக்கு வாட்ச்மேனே கிடையாது.

"அழகாத்தான் இருக்குக்கா. எரியறப்போ இதப் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள் தங்கை.

அடிப்பாவி, பேசுற பேச்சா இது?

மார்ச் 9

சோறு இறங்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

வந்தவர் ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். காலையில்தான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பான்களைப் பார்த்தார். முதலாளி பாலித்தீனைக் கடைசிவரை பிரிக்க விடவில்லை. "மழையில நனையாது, நல்லது" என்றார் ஆய்வாளர்.

பின்சுவர் வந்தது. "எமர்ஜென்சி எக்ஸிட் சார். வாங்க, டீ ஆறிடும்" என்று முதலாளி தூரத்திலிருந்தே கைகாட்டினார். ஆய்வாளர் கிட்டேயே போய்விட்டார். கைப்பிடிமேல் விரலை வைத்தார். விரல் பச்சையானது. விரலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பெயின்ட் புதுசு போல?"

"ஆமா சார்."

"நல்லாத் திறக்குமா?"

தொப்பி என் தலையில் இருந்ததால் என்னைத்தான் கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் முதலாளி சாவி திருகுவதுபோல் விரலைத் திருகித் திருகிக் காட்டுகிறார். தங்கை மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார், சிக்கிக்கிச்சு" என்றேன். "ஒரு வருஷமாத் திறக்கல. என்ன தள்ளினாலும் அசைய மாட்டேங்குது."

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? எனக்கே தெரியவில்லை. முதலாளிக்கு இருமல் வந்துவிட்டது. அது கதவே இல்லை என்றால் மோசடி, கதவுதான் என்றால் திறந்து காட்ட வேண்டும். மனுஷர் பாவம், எந்தப் பக்கமும் போக முடியாமல் இருமிக்கொண்டே நின்றார்.

ஆய்வாளர் எழுதினார்: பின்கதவு சிக்கியுள்ளது, வெள்ளிக்கிழமைக்குள் திறக்காவிட்டால் சீல். முதலாளியிடம் சொன்னார்: "லேசாச் சிக்கியிருந்தா எண்ணெய் விடுங்க. ரொம்பச் சிக்கியிருந்தா கொத்தனாரக் கூப்பிடுங்க."

வேலை போகப்போகுது. போனா போகட்டும் போ!

மார்ச் 12

கொத்தனார் வந்தார். விஷயம் கேள்விப்பட்டு பெயின்டர் அண்ணனும் ஓடிவந்தார். "கைப்பிடிய மட்டுமாவது விட்டுடுங்கய்யா" என்று கெஞ்சினார், கண் கலங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நல்ல கதவு அது.

செங்கல்லை எடுத்தால், அந்தப் பக்கம் பழைய கதவு அப்படியே நின்றுகொண்டிருந்தது. தள்ளினோம். அசையவில்லை, சிக்கியிருந்தது! அப்போ நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

ஆய்வாளர் வந்தார், எண்ணெய் விட்டு நெம்பிச் சரிசெய்திருந்த கதவைத் திறந்தார், மூடினார், கையெழுத்துப் போட்டார். "நமக்குப் பாதுகாப்புதான் சார் முதல்ல" என்றார் முதலாளி. ஆய்வாளர் போனதும் என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. இனிமேல் ஒரு தலையணை குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன்.

மார்ச் 20

சாப்பாட்டு மணி. வழக்கம்போல முன்வாசலில் தள்ளுமுள்ளு. அதில் இடிபட்டு வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். தங்கை வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து, டிபன் பாக்ஸில் பாதியைக் காலி செய்திருந்தாள்.

"என்னக்கா, இவ்வளவு லேட்டா வர்ற?" என்றாள்.